சொல்லும் மந்தையும் காத்தவர்



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளையும் சேர்த்து வைத்திருக்கும் மொழி தமிழ். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்து செல்லப்பட்ட நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்துப் பாடிய இலக்கியம் தமிழ் இலக்கியம். நிரை மீட்கப் போய் உயிர் துறந்தவர்களுக்காக எடுக்கப்பட்ட நடுகற்கள் செங்கம் பகுதியிலும் தருமபுரி வட்டாரத்திலும் இன்றும் நிற்கின்றன. அரசனின் ஆட்சியாண்டை முதலில் குறித்துவிட்டு, இன்னாருடைய மகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று சில வரிகளில் முடிந்துவிடும் கல்வெட்டுகள் அவை. அந்தச் சில வரிகளால்தான், வேறு எந்த ஏட்டிலும் இடம்பெறாத எளிய மனிதர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன.

இந்த மரபை அறிந்தவர்களுக்கு, 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடப்பட்ட ஒரு கல் அயலாகத் தோன்றாது. வெதர்போர்டு என்னும் ஊரில், கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் அது இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, மந்தை ஓட்டியாக உழைத்து, அவ்வாண்டு ஜனவரியில் மறைந்த போஸ் ஐகார்டு என்ற கறுப்பின மனிதருக்காக எடுக்கப்பட்ட கல் அது. எடுத்தவர் சார்லஸ் குட்நைட். தொண்ணூறு வயதைக் கடந்த முதியவர். இளமையில் எல்லைப் படையில் பணிபுரிந்தவர். பிறகு பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலத்தை ஆண்ட பண்ணையாளர். அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அவரும் மறைந்தார்.

குட்நைட்டின் வாழ்வை ஒரு வீரக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. குதிரையும் துப்பாக்கியும் அகன்ற புல்வெளியும் கொண்ட திரைப்படங்கள் அத்தகைய கதைகளுக்கு உலகத்தைப் பழக்கிவிட்டன. ஆனால் சொல்லையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடியிருக்கும் அவையில் அவரை நினைவுகூர வேறொரு வழி உண்டு. சிறு வயதில் ஆறு மாத அளவே பள்ளிக்குச் சென்றவர் அவர். தாம் சொன்ன சொல்லுக்கு அவர் என்ன விலை கொடுத்தார், அந்தச் சொல்லின் காவல் யார் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்று பார்ப்பதே அந்த வழி.

குட்நைட் 1836 மார்ச் 5ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். 1845ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பம் டெக்சாசுக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுவன், சேணம் இல்லாத குதிரையின் முதுகில் அமர்ந்து, சுமார் 800 மைல் பயணம் செய்தான். அதன் பிறகு பள்ளி இல்லை. பதினோரு வயது முதல் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலை. சிறிது காலம் பந்தயக் குதிரை ஓட்டும் வேலை. பிறகு வண்டி ஓட்டும் வேலை. இருபது வயதில், மாற்றாந்தந்தையின் மகனோடு சேர்ந்து, பிறருடைய மாடுகளை வாரத்துக்கு மேய்க்கும் பொறுப்பை ஏற்றார். பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று மேய்ப்பவர்களுக்கு. வாரத்துக்கு மாடு மேய்த்தல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் புதிதன்று. கன்று பிறந்து வளரும் வரை கூலி என்று எதுவும் கைக்கு வராத உழைப்பு அது.

அவர்கள் மந்தையோடு குடியேறிய பாலோ பின்டோ பகுதி அப்போது வெள்ளையர் குடியேற்றத்தின் விளிம்பு. அதற்கப்பால் பரந்திருந்த சமவெளி கமாஞ்சி மக்களின் நிலம். விளிம்பு நகர நகர மோதலும் நகர்ந்தது. கமாஞ்சிகள் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். குதிரைகளை ஓட்டிச் சென்றார்கள். குடியேறியவர்கள் ஆயுதம் ஏந்திப் பின்தொடர்ந்தார்கள். வெட்சியும் கரந்தையும் பாடலாக அன்றி அன்றாட வாழ்வாகவே இருந்த இடம் அது. தடம் பார்ப்பதில் தேர்ந்த குட்நைட் அந்தப் படைகளுக்கு வழிகாட்டியானார்.

1860ஆம் ஆண்டு டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் நடந்த தாக்குதலுக்கு முன்னால் தடம் கண்டு வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். அங்கிருந்த கமாஞ்சி முகாம் அழிக்கப்பட்டது. நீல விழிகள் கொண்ட ஒரு பெண் கைக்குழந்தையோடு பிடிபட்டாள். அவள் சிந்தியா ஆன் பார்க்கர். குட்நைட் பிறந்த அதே 1836ஆம் ஆண்டில், சிறுமியாக இருந்தபோது கமாஞ்சிகளால் கவர்ந்து செல்லப்பட்டவள். இருபத்து நான்கு ஆண்டுகளில் அவள் முழுமையாகக் கமாஞ்சியாகிவிட்டிருந்தாள். கமாஞ்சித் தலைவர் ஒருவரின் மனைவியாகவும் அவருடைய பிள்ளைகளின் தாயாகவும் வாழ்ந்தாள். மீட்டுவிட்டோம் என்று வெள்ளையர் மகிழ்ந்தார்கள். அவளோ தன் மக்களிடம் திரும்பிப் போகவே முயன்றாள். அந்த ஏக்கத்தோடே பத்தாண்டு அளவில் மாண்டாள். அன்று முகாமில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களே என்பதைக் குட்நைட் பிற்காலத்தில் மறைக்காமல் சொன்னார். சிந்தியா ஆனின் மூத்த மகன் குவானா பார்க்கர். அந்தப் பெயர் இந்த வரலாற்றில் மீண்டும் வரும்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது, டெக்சாஸ் தன் மேற்கு எல்லையைக் காக்க ஒரு படைப்பிரிவை அமைத்தது. குட்நைட் அதில் உளவு வீரராகவும் வழிகாட்டியாகவும் 1864 வரை பணியாற்றினார். பெரும் போர்க்களங்கள் எதையும் அந்தப் படை காணவில்லை. நீரூற்றுகளைத் தேடியும் புல்லின் சாய்வைப் பார்த்தும் பறவைகள் பறக்கும் திசையைக் கவனித்தும் வறண்ட சமவெளியில் நாள்கணக்கில் அலைவதே அங்கு போர்த்தொழில். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் மூலதனமாக அமைந்தது இந்த அறிவுதான். பள்ளி கற்பிக்காத எழுத்தை நிலம் அவருக்குக் கற்பித்தது.

போர் முடிந்து திரும்பியபோது, டெக்சாசில் மாடுகள் ஏராளம், வாங்குவோர்தாம் இல்லை. சூட்டுக்குறி இடப்படாத மாடுகள் காடெங்கும் திரிந்தன. குட்நைட் மேற்கே பார்த்தார். அங்கே நியூ மெக்சிகோவில் சம்னர் கோட்டையை ஒட்டி, தம் தாயகத்திலிருந்து துரத்தி வரப்பட்ட நவஹோ மக்கள் அரசின் காவலில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தொகை பல ஆயிரம். விளைச்சல் பொய்த்துப் பசி சூழ்ந்திருந்தது. அவர்களுக்கு இறைச்சி வழங்க அரசு மாடு தேடிக்கொண்டிருந்தது. குட்நைட்டின் செல்வம் தொடங்கிய இடம் இதுதான்: ஒரு மக்களின் சிறை, இன்னொருவரின் சந்தை. அந்த மக்கள் 1868இல்தான் தம் நிலத்துக்குத் திரும்ப முடிந்தது.

இந்தத் துணிவான பயணத்துக்கு ஒரு முதியவர் கூட்டாளியாக வந்தார். அவர் ஆலிவர் லவிங். 1812இல் பிறந்தவர், குட்நைட்டைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர், மந்தை ஓட்டுவதில் பழுத்த அனுபவம் உடையவர். 1866 ஜூன் மாதம், பெல்நாப் கோட்டைக்கு அருகிலிருந்து 2,000 மாடுகளோடும் 18 ஆட்களோடும் இருவரும் புறப்பட்டார்கள்.

அந்தப் பயணத்துக்காகக் குட்நைட் செய்துகொண்ட ஒரு பொருள் அமெரிக்க மேற்குப் பகுதியின் வாழ்வையே மாற்றியது. பழைய இராணுவ வண்டி ஒன்றை வாங்கி, அச்சை வலுப்படுத்தி, வண்டியின் பின்புறத்தில் அறைகள் கொண்ட ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். மாவு, காப்பித்தூள், அவரை, மருந்து, தட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசை. சக்வேகன் என்று பெயர் பெற்ற இந்தச் சமையல் வண்டி, பின்னர் எல்லா மந்தைப் பயணங்களுக்கும் உரியதாயிற்று. மாதக்கணக்கில் வீடற்று அலையும் இருபது பேருக்கு, மாலையில் போய்ச் சேர ஒரு வீடு கிடைத்தது.

பயணத்தின் கொடிய பகுதி, காஞ்சோ ஆற்றுக்கும் பெக்கோஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம். எண்பது மைலுக்கு மேல் ஒரு துளி நீர் கிடையாது. இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினார்கள். மாடுகளின் நாக்குகள் வெளியே தொங்கின, விழுந்தவை எழவில்லை. நீரின் வாசனை எட்டியதும் மந்தை வெறிகொண்டு ஆற்றில் பாய்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மடிந்தவையும் உண்டு. வறட்சிக்கும் வெள்ளத்துக்குமாகச் சில நூறு மாடுகள் போயின. எஞ்சியவற்றில் எருதுகளைச் சம்னர் கோட்டையில் பவுண்டு எட்டு சென்ட் விலைக்கு விற்றதில் 12,000 டாலர் பொன்னாகக் கிடைத்தது.

அந்தப் பொன்னைக் கழுதை முதுகில் ஏற்றித் திரும்பும் வழியில், ஓரிரவு இடிமின்னலில் அந்தக் கோவேறு கழுதை மிரண்டு ஓடியது. குட்நைட் அதைத் துரத்திப் பிடித்தார். பொன் இருந்தது, கட்டி வைத்திருந்த உணவு முழுவதும் இருளில் சிதறிப் போயிருந்தது. ஆளரவமற்ற அந்தப் பாலையில் பொன்னுக்கு என்ன மதிப்பு என்பதை அன்றுதான் உணர்ந்ததாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார்.

மந்தை ஓட்டுவோரின் நாள் விடியலுக்கு முன்னே தொடங்கும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து மைல். புழுதி விழும் இடம் மந்தையின் பின்புறம். புதியவர்களுக்கு அதுவே பணியிடம். இரவிலும் முறைவைத்துக் காவல். படுத்திருக்கும் மாடுகளைச் சுற்றிக் குதிரையில் மெல்ல வலம் வருவார்கள். சுள்ளி முறியும் ஒலி போதும், ஆயிரம் மாடுகள் ஒரே கணத்தில் எழுந்து இருளில் மருண்டோட. ஆகையால் காவலர்கள் பாடிக்கொண்டே சுற்றினார்கள். தெரிந்த பக்திப் பாட்டு, தெரியாத பாட்டு, சொல்லே இல்லாத முனகல், எதுவானாலும் சரி. மனிதன் அருகில் இருக்கிறான் என்று மாட்டுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்க மேய்ப்பர் பாடல்களில் ஒரு பகுதி இப்படி உறக்கமற்ற இரவுகளில் பிறந்தது. ஏற்றப் பாட்டும் தெம்மாங்கும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1867ஆம் ஆண்டுப் பயணத்தில்தான் குட்நைட்டின் சொல்லுக்கு முதல் சோதனை வந்தது. ஒப்பந்த வேலைக்காக லவிங், ஒரு துணையோடு மந்தைக்கு முன்னால் புறப்பட்டார். இரவில் மட்டுமே பயணம் செய்யும்படி குட்நைட் வற்புறுத்தியிருந்தார். லவிங் பொறுக்கவில்லை, பகலில் சென்றார். பெக்கோஸ் கரையில் கமாஞ்சிகள் சூழ்ந்துகொண்டார்கள். குண்டுபட்ட லவிங் நாணற்காட்டில் மறைந்திருந்தார். ஒரு கையை இழந்தவரான அவருடைய துணைவர் பில் வில்சன், காலணியும் இல்லாமல் பாலையில் நடந்து வந்து குட்நைட்டுக்குச் செய்தி சொன்னார். லவிங் எப்படியோ சம்னர் கோட்டையை அடைந்தார். ஆனால் கைப்புண் அழுகிவிட்டது. கையை வெட்டி எடுத்தும் பயனில்லை. 1867 செப்டம்பர் 25ஆம் நாள் இறந்தார்.

இறக்குமுன் அவர் கேட்டவை இரண்டு. அயல்மண்ணில் தம்மைப் புதைத்துவிடக் கூடாது, டெக்சாசுக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டு வணிகத்தை இரண்டாண்டு தொடர்ந்து நடத்தித் தம் கடனைத் தீர்த்துக் குடும்பத்தைக் காக்க வேண்டும். குட்நைட் ஒப்புக்கொண்டார்.

கேட்டவர் போய்விட்டார், சாட்சியும் பெரிதாக இல்லை. எழுதிக் கையெழுத்திட்ட பத்திரமும் இல்லை. குட்நைட் முதலில் மந்தையைக் கொலராடோ வரை ஓட்டிச் சென்று வணிகத்தை முடித்தார். 1868இன் தொடக்கத்தில் கோட்டைக்குத் திரும்பி, தற்காலிகமாகப் புதைக்கப்பட்டிருந்த உடலைத் தோண்டி எடுத்தார். ஆட்கள் பழைய எண்ணெய்த் தகரங்களைச் சேகரித்துத் தட்டிச் சமமாக்கி, பற்றவைத்து, ஒரு பெரிய தகர உறை செய்தார்கள். மரப்பெட்டியை அதனுள் வைத்து, சுற்றிலும் கரித்தூள் நிரப்பி மூடினார்கள். அந்தச் சுமையை வண்டியில் ஏற்றி, தாங்கள் மாடு ஓட்டி வந்த அதே நீரற்ற வழியே பல நூறு மைல் திரும்பினார்கள். மார்ச் மாதம் வெதர்போர்டில் லவிங் அடக்கம் செய்யப்பட்டார். வணிகத்தில் அவருடைய பங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது.

லேரி மெக்மர்ட்ரி 1985இல் எழுதி, 1986இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘லோன்சம் டவ்’ நாவலில், நண்பனின் உடலைச் சுமந்து நெடுந்தொலைவு செல்லும் மந்தைத் தலைவன் வருகிறான். அந்தப் பகுதிக்கு வித்து இந்த நிகழ்ச்சி. நாவல் கோடிக்கணக்கானோரின் கண்ணீரைப் பெற்றது. நடந்த நிகழ்ச்சியோ கரித்தூளும் தகரமும் பற்றவைப்பும் கொண்ட, வியர்வை நாறும் ஒரு வேலை. சொல்லைக் காப்பதென்பது பெரும்பாலும் இத்தகைய வேலைதான்.

அந்தப் பயணங்களில் குட்நைட்டின் உடன் நின்றவர்களுள் தலையாயவர் போஸ் ஐகார்டு. மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்து, உடைமையாளரோடு டெக்சாசுக்கு வந்தவர். போருக்குப் பின் விடுதலை பெற்றார். 1866 முதல் நான்கு ஆண்டுகள் இந்த வழியில் உழைத்தார். இரவுக் காவலில் அவர் விழித்திருந்தால் குட்நைட் உறங்கினார். மந்தை விற்ற பணம் ஆயிரக்கணக்கான டாலர் அவர் மூட்டையில்தான் பயணம் செய்தது. கறுப்பர் ஒருவரின் உடைமையில் பணம் இருக்குமென்று எந்தத் திருடனும் நினைக்கமாட்டான் என்பது கணக்கு. அக்காலச் சமூகத்தின் இழிந்த பார்வையே காவலாகப் பயன்பட்ட விந்தை அது. ஆனால், கொடுத்த பணம் குறையாமல் திரும்பி வரும் என்ற உறுதி அந்தக் கணக்கில் அடங்காது. அது ஐகார்டு என்ற மனிதரிடம் மட்டுமே இருந்தது.

1870இல் குட்நைட், ஆசிரியராக இருந்த மேரி ஆன் டையரை மணந்து கொலராடோவில் குடியமர்ந்தார். 1873ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி சேர்த்ததையெல்லாம் அடித்துச் சென்றது. நாற்பதாம் வயதில், எஞ்சிய மந்தையோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1876இல் வடமேற்கு டெக்சாசின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் இறங்கினார். சமவெளியின் நடுவே நிலம் பிளந்தாற்போல் ஆழ்ந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் நீரும் நிழலும் புல்லும் உண்டு; பாறைச் சுவர்களே வேலி. வண்டிகளைப் பிரித்துக் கழுதைகளின் முதுகில் ஏற்றி உள்ளே கொண்டுசென்றார்கள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைகளை விரட்டிவிட்டு மாடுகளுக்கு இடம் செய்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாமல் கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கமாஞ்சி, கயோவா, செயேன் மக்களின் கடைசிப் புகலிடம் அது. 1874 செப்டம்பர் 28ஆம் நாள் கர்னல் மெக்கன்சியின் படை அங்கே இறங்கி, குடில்களையும் குளிர்கால உணவையும் எரித்தது. கைப்பற்றிய குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரையும் உணவும் இழந்தவர்கள் பனியில் நடந்து சென்று சரணடைந்தார்கள். குட்நைட் வந்தபோது அந்த எலும்புகள் அங்கேதான் கிடந்தன. பண்ணைக்கு முதல் போட்டவர் ஜான் அடேர். 1861இல் அயர்லாந்தின் டெரிவேயில் குடியானவக் குடும்பங்களை வீடுகளிலிருந்து கூட்டமாக வெளியேற்றியவர் அவர். இரு கண்டங்களில் இருவகை வெளியேற்றம். அவை ஒரே பண்ணையில் வந்து சேர்ந்தன. அடேரின் பெயரெழுத்துகளைத் தாங்கிய ஜே.ஏ. பண்ணை, உச்சநிலையில் பதின்மூன்று லட்சம் ஏக்கரும் ஒரு லட்சம் மாடுகளும் கொண்டிருந்தது.

அங்கே மது, சூது, சண்டை மூன்றுக்கும் இடமில்லை என்பது குட்நைட்டின் விதி. அவர் கடுமையானவர். தெற்கிலிருந்து வரும் மந்தைகள் ஒருவகைக் காய்ச்சலைப் பரப்பின. உண்ணியால் பரவும் நோய் அது என்பதைத் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல்தான் நிறுவினார்கள். அதற்குமுன்பே, எந்த மந்தை போன வழியில் எந்த மாடு சாகிறது என்று கண்டறிந்த பண்ணையாளர்கள் எல்லை வகுத்தார்கள். அதை மீற வேண்டாமென்று நண்பர் ஒருவருக்கே துப்பாக்கியின் பெயரால் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார் குட்நைட். அவர் சொல் காத்தது போலவே அச்சுறுத்தவும் செய்தது.

கடுமைக்கு இடையே சில மென்மையான நினைவுகளும் அந்தப் பண்ணைக்கு உண்டு. மந்தைகளை முன்னின்று நடத்திச் சென்ற ‘ஓல்டு புளூ’ என்ற எருது அவற்றுள் ஒன்று. கழுத்தில் வெண்கல மணி அணிந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை டாட்ஜ் நகரத் தொடர்வண்டி நிலையம் வரை நடத்திச் சென்றது. இரவில் மணியின் நாக்கைக் கட்டிவிட வேண்டும். கட்டும்வரை காத்து நிற்கும். அதன் கொம்புகள் கேன்யன் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மேரி குட்நைட்டின் தனிமை இன்னொன்று. பல மைல் சுற்றளவில் பேச்சுத் துணைக்கு ஒரு பெண் கிடையாது. ஒரு மேய்ப்பர் அவருக்குச் சமைப்பதற்கென்று மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மேரி அவற்றை அறுக்கவில்லை, பேசிக்கொண்டிருக்க வைத்துக்கொண்டார். 1870களின் இறுதியில் தோல் வேட்டையாடிகள் காட்டெருமைகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டு வீழ்த்தியபோது, தாயை இழந்த கன்றுகளின் கதறல் அவரை உறங்கவிடவில்லை. அவருடைய வற்புறுத்தலால் சில கன்றுகள் பிடித்து வளர்க்கப்பட்டன. பல கோடியாக இருந்த அந்த இனம், 1880களின் முடிவில் வட அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கியது. குட்நைட் மந்தையிலிருந்து மூன்று காளைகள் 1902இல் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குச் சென்றன. அந்த வழிவந்த விலங்குகளை ஜே.ஏ. பண்ணை டெக்சாஸ் மாநிலத்துக்கு வழங்கியது. 1997இல் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவுக்குச் சென்ற அவற்றின் வழித்தோன்றல்கள் அங்கே மேய்கின்றன. விரட்டிய கையே வளர்க்கவும் நேர்ந்தது. மேரி என்ற பெண்ணின் காது அதற்குக் காரணம்.

1878ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குவானா பார்க்கர் வந்தார். ஒதுக்கிடத்தில் வாழ்ந்த கமாஞ்சிகளும் கயோவாக்களும் காட்டெருமை வேட்டைக்கு அனுமதி பெற்று வந்திருந்தார்கள். வேட்டையாட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பசித்தவர்கள் பண்ணை மாடுகளைக் கொல்லத் தொடங்கினார்கள். குட்நைட் அவர்களைச் சென்று சந்தித்தார். நீ டெக்சாஸ்காரனா என்று வினவியபோது, கொலராடோக்காரன் என்று அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. டெக்சாஸ்காரர்கள்மீது அவர்களுக்கு இருந்த சினம் அவருக்குத் தெரியும். பேச்சின் முடிவில் ஓர் உடன்பாடு பிறந்தது. காட்டெருமை கிடைக்கும்வரை ஒன்றுவிட்டு ஒருநாள் இரண்டு மாடுகள் தரப்படும். மந்தைக்கு அவர்கள் ஊறு செய்யக்கூடாது. இரு தரப்பும் காத்தன. இருவருக்கும் இடையே நட்பும் வளர்ந்தது.

இந்த உடன்பாட்டைப் பெருந்தன்மையின் சான்றாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். நேர்மையான உடன்பாடுதான் அது. ஆனால் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரையும் பார்க்க வேண்டும். ஒருவர், தாயை இழந்த மகன். மற்றவர், அந்தத் தாய் பிடிபட்ட முகாமுக்குத் தடம் காட்டியவர்களுள் ஒருவர். அவர்கள் பேசிய நிலம் நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை குவானாவின் மக்களுடையது. அந்த நிலத்தின் புல்லைத் தின்ற இரண்டு மாடுகள் அவர்களுக்கே கொடையாகத் தரப்பட்டன. குட்நைட்டின் சொல் தனிமனிதர்களுக்குப் பொய்க்கவில்லை. தனிமனிதர்களைச் சூழ்ந்த பெரிய அநீதியைத் தொடும் நீளமும் அதற்கு இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத நினைவுரை பாதி உண்மையாகவே நிற்கும்.

பிற்காலம் விரைவாகச் சொல்லிவிடக் கூடியது. 1880களின் இறுதியில் ஜே.ஏ. பண்ணையை விட்டு விலகித் தம் பெயரால் அமைந்த சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டார். மெக்சிகோ சுரங்கத்தில் முதலிட்டு இழந்தார். பள்ளியறியாத அவரும் மேரியும் 1898இல் ஒரு கல்லூரியை நிறுவினார்கள். மேரி 1926இல் மறைந்தார். மறு ஆண்டு, 91ஆம் பிறந்தநாளில், தமது குடும்பப் பெயரையே கொண்ட, உறவுமுறை ஏதுமற்ற 26 வயதுப் பெண்ணை மணந்தார். ஈவெட்ஸ் ஹேலி என்ற இளம் வரலாற்றாளர் முதியவரிடம் அமர்ந்து கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1936இல் வெளிவந்தது. எழுதத் தெரிந்த ஒருவரைக் கண்டபோதுதான் அவருடைய நினைவு ஏடானது.

இனி, ஐகார்டின் கல்லுக்கு வருவோம். நான்கு ஆண்டுகள் குட்நைட்-லவிங் வழியில் தம்மோடு உழைத்தவர், கடமையில் பின்வாங்காதவர், கட்டளையை மீறாதவர், மந்தை மருண்டோடிய போதெல்லாம் உடன் ஓடியவர், கமாஞ்சிகளோடு மூன்று மோதல்களில் நின்றவர் என்ற பொருளில் அமைந்தது கல்வெட்டு. லவிங் உறங்கும் அதே கல்லறைத் தோட்டம். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சட்டங்கள் கோலோச்சிய 1929ஆம் ஆண்டின் டெக்சாசில், ஒரு வெள்ளைப் பண்ணையாளர் அறுபதாண்டு பழைய கடனாக நினைத்து இதைச் செய்தார்.

அந்தச் சொற்களைக் கவிஞர்கள் கூர்ந்து படிக்கலாம். புகழ்ச்சி மிகை இல்லை. ஒவ்வொன்றும் நடந்த செயல். அவ்வாறே, கட்டளையை மீறாதவர் என்ற புகழ், கட்டளையிட்டவரின் வாயிலிருந்து வருவதையும் கவனிக்கலாம். ஐகார்டு தம் வாழ்வைத் தாமே சொல்லியிருந்தால் எந்தச் சொல்லில் தொடங்கியிருப்பார்? அந்தக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது, குரல் இல்லை. தமிழ்நாட்டு நடுகற்களிலும் பட்டவனின் பெயர் உண்டு, அவன் பேச்சு இல்லை. அந்த இடைவெளியில்தான் இலக்கியத்துக்கு வேலை தொடங்குகிறது.

குட்நைட்டின் கல்லறையைச் சுற்றியுள்ள வேலியில், வருவோர் தங்கள் கழுத்துக் குட்டைகளை அவிழ்த்துக் கட்டிச் செல்வது வழக்கம். புழுதியில் மூச்சுவிடவும் வியர்வை துடைக்கவும் மேய்ப்பர்கள் அணிந்த துணி அது. உழைப்பின் அடையாளத்தையே உழைத்தவருக்குக் காணிக்கையாக்குகிறார்கள். அந்த வேலியில் லவிங்குக்கும் ஐகார்டுக்கும் பில் வில்சனுக்கும் மேரிக்கும், பாலோ டூரோவிலிருந்து பனியில் நடந்து சென்றவர்களுக்கும் ஆளுக்கொரு துணி உரியது.

பத்தாண்டுகளாகச் சொல்லைக் காத்துவரும் இந்த வட்டத்துக்கு அந்த முதியவரின் வாழ்வு விட்டுச் செல்லும் கேள்வி ஒன்றே. கொடுத்த சொல்லைக் காப்பது கடினம். காத்தவரைப் பாடுவது எளிது. அந்தச் சொல் எட்டாமல் போனவர்களையும் அதே பாட்டுக்குள் கொண்டுவர யாரால் இயலும்? கவிஞர்களால் இயலும் என்ற நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவு பெறுகிறது.